கடையைக் குறை சொன்னால் இனத்தைக் குறை சொன்னதாகுமா?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொண்டிருந்தேன். 'நான் வாழும் இடம்' என்பது தலைப்பு. கோயில், திடல், பேருந்து நிறுத்தம் எனப் பிள்ளைகள் வழக்கம்போல் எழுதியிருந்தனர். ஒரு மாணவன் மட்டும் இப்படி எழுதியிருந்தான்: "எங்கள் தாமானில் ஓர் உணவகம் இருந்தது. அது தமிழர் கடை என்பதால் மூடிவிட்டார்கள்."

எழுத்துப்பிழை இல்லை. ஒற்றுப்பிழை இல்லை. 'ஓர் உணவகம்' என்று இலக்கணம் வழுவாமல்தான் எழுதியிருந்தான். ஆயினும் என் சிவப்பு மைத்தூவல் அந்த வரியைத் தாண்டிப் போக மறுத்துவிட்டது. ஏனெனில், அந்தக் கடையை நான் அறிவேன். கிள்ளானில் நான் குடியிருக்கும் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அது இருக்கிறது.

நடந்தது இதுதான். அக்கடையின் சமையற்கட்டிலிருந்து எண்ணெய்க் கசடு கலந்த கழிவுநீர் நேராகப் பின்சந்துக் கால்வாயில் விழுந்தது. கால்வாய் அடைத்தது, எலி பெருகியது, மழை பெய்தால் பின்வீடுகளின் அடுக்களைக்குள் நீர் ஏறியது. பக்கத்தில் குடியிருப்போர் இரண்டு முறை நேரில் சொல்லிப் பார்த்தனர். பயனில்லை. பிறகு மனு எழுதினர். அதிகாரிகள் வந்தனர், பார்த்தனர், 14 நாளுக்குக் கடையை மூட ஆணையிட்டனர்.

மறுநாள் காலையில் புலனக் குழுக்களில் ஒரு செய்தி பறந்தது. 'நம் இனத்தவன் முன்னேறுவது பொறுக்காதவர்களின் சதி' என்றது அது. பெற்றோர் ஆசிரியர் குழுவிலும் அது வந்தது. 'பகிருங்கள், பகிருங்கள்' என்று பகிர்ந்தனர். அவர்களுள் ஒருவராவது அந்த மனுவைப் பார்த்தாரா? நான் பார்த்தேன். கையொப்பமிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர்! முதல் கையொப்பம், கால்வாய் ஓரத்து வீட்டில் தனியே வசிக்கும் ஒரு தமிழ்ப் பாட்டியுடையது.

அந்தப் பாட்டிக்கு எந்த இனத்தின்மீது காழ்ப்பு? யாராவது சொல்லட்டும்!

ஒரே ஒரு கேள்வி

நம் சமூகத்தில் இன்று ஒரு சொல் மலிந்துவிட்டது. பாகுபாடு என்பதே அச்சொல். அதை நான் குறைத்து மதிக்கவில்லை. இந்நாட்டில் பாகுபாடு உண்டு; நாம் பட்டிருக்கிறோம்; இன்றும் படுகிறோம். அதனால்தான் சொல்கிறேன்: அச்சொல்லைக் கண்ட இடத்தில் எல்லாம் வீசாதீர்கள். அடைத்த கால்வாய்க்கும் அதைச் செலவழித்துவிட்டால், உண்மையான கொடுமை நிகழும் நாளில் நம் கையில் சொல் இருக்காது. 'இவர்கள் எப்போதும் இப்படித்தான் கத்துவார்கள்' என்று கேட்பவன் நகர்ந்துவிடுவான்.

அப்படியானால் எது பாகுபாடு, எது நியாயமான குறை? இதைப் பிரித்தறிய நீண்ட ஆய்வு வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்:

நாம் நாமாகவே இருந்துகொண்டு அந்தக் குறையைச் சரிசெய்ய முடியுமா?

முடியும் என்றால் அது செயலின்மீது சொல்லப்பட்ட குறை. கேட்டுத் திருத்திக் கொள்ள வேண்டும். முடியாது, நாம் வேறு ஆளாக மாறினால்தான் அல்லது அங்கிருந்து மறைந்தால்தான் அவர்கள் மனம் குளிரும் என்றால், அது பிறப்பின்மீது சொல்லப்பட்ட குறை. அதை எதிர்த்து நிற்க வேண்டும்.

கால்வாயைச் சுத்தம் செய்வதற்குத் தமிழன் தமிழனாக இருப்பதை நிறுத்த வேண்டுமா என்ன? கசடைப் பிடிக்கும் தொட்டி ஒன்று வைத்தால் போதுமே!

நடைபாதையில் ஒரு கைத்தடி

பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமராக இருந்த நஜிப் ரசாக்கும் சேர்ந்து 'லிட்டில் இந்தியா' என்று திறந்து வைத்த வட்டாரம் அது. வாழையிலைச் சாப்பாட்டுக்கும் பலகாரத்துக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் மக்கள் அங்கே வருகின்றனர். நமக்கெல்லாம் பெருமைதான்.

ஆனால் அதே பிரிக்ஃபீல்ட்ஸ் 1951இல் தோற்றுவிக்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் இடமுமாகும். பார்வையற்றோர் பலர் அங்கே வசிக்கின்றனர். வேலைக்குப் போய் வருகின்றனர். அவர்களுக்காகவே நடைபாதையில் மேடுகள் கொண்ட மஞ்சள் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. கைத்தடியால் அந்த மேட்டைத் தடவிக்கொண்டே அவர்கள் நடப்பார்கள். அதன்மேல் மேசை போடுகிறோம், நாற்காலி போடுகிறோம், எரிவாயுத் தோம்பு வைக்கிறோம், மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறோம்.

ஒரு மாலையில் என் கண்முன் நடந்தது. ஒரு பெரியவரின் கைத்தடி மேசைக்காலில் மோதியது. தேநீர்க் குவளை சாய்ந்தது. அமர்ந்திருந்தவர் எழுந்து, "பார்த்து வரக்கூடாதா?" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. பெரியவர் ஒன்றும் பேசவில்லை. தடியால் துழாவிச் சாலையில் இறங்கி நடந்தார். வண்டிகள் போகும் சாலையில்!

ஐந்தடிப் பாதையை மறிப்பது 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி குற்றம். இது நேற்று நம்மைக் குறிவைத்து எழுதப்பட்ட சட்டமன்று. மாநகராண்மைக் கழகத்தார் வந்து அந்த மேசைகளை அள்ளிச் சென்றால், அடுத்த நாள் நம் முழக்கம் என்னவாக இருக்கும்? நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே எதிர்க்கேள்வி ஒன்று எழும்: "ஐயா, பக்கத்துச் சாலையில் இன்னொருவர் கடையும்தான் மேசை போடுகிறது. அங்கே ஏன் அள்ளவில்லை?" நல்ல கேள்வி, கேட்கவேண்டிய கேள்வி. சட்டம் ஒருவருக்கு மட்டும் பாய்ந்தால் அதுவும் பாகுபாடே. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதை நாமும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நாம் வைக்க வேண்டிய கோரிக்கை 'அங்கேயும் அள்ளு' என்பதுதான். 'எங்களை விட்டுவிடு' என்பதன்று. முதல் கோரிக்கையால் பெரியவர் நடைபாதையில் நடப்பார். இரண்டாவதால் அவர் சாலையில்தான் நடப்பார்.

பங்சார் தந்த பாடம்

2018இல் பங்சார் வட்டார வாழையிலை உணவகம் ஒன்றின் பணியாளர்கள், சாலையோரத்தில் தேங்கிய நீரில் தட்டுகளைக் கழுவும் காணொளி நாடெங்கும் பரவியது. கடை மூடப்பட்டது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

அப்போது என் காதுபட இரண்டு குரல்கள் எழுந்தன. 'இவர்கள் கடை எல்லாமே இப்படித்தான்' என்றது ஒன்று. 'நம் கடை என்பதால்தான் படம் பிடித்துப் பரப்புகிறார்கள்' என்றது மற்றொன்று. இரண்டு குரல்களும் செய்த பிழை ஒன்றுதான். ஒரு கடையின் அழுக்கை ஓர் இனத்தின் தலையில் கட்டின. முதற்குரல் வெறுப்பினால் கட்டியது. இரண்டாங்குரல் பாசத்தினால் கட்டியது. கட்டுவது யாராக இருந்தாலும் சுமை நம் தலைமேல்தானே?

நம் நாட்டில் உணவகங்களுக்கான நெறிமுறைகள் தெளிவாகவே உள்ளன. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, தூய்மையற்ற உணவகத்தை 14 நாள் வரை மூட ஆணையிட வழி செய்கிறது. 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை ஒழுங்குமுறைகள், உணவகத்தைப் பதிவு செய்யவும், உணவைக் கையாளுவோர் பயிற்சி பெறவும், குடற்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக் கொள்ளவும் கட்டளையிடுகின்றன. நாசி கண்டார் கடைக்கும், சீனர் காப்பிக்கடைக்கும், மலாய்க்காரர் ஒட்டுக்கடைக்கும், நம் வாழையிலைக் கடைக்கும் அதே விதிதான். 2019 சனவரி முதல் நாளில் உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபோது, கிள்ளானிலும் கோத்தா பாருவிலும் ஒரே நாளில்தான் சாம்பல் தட்டுகள் மறைந்தன. யாரும் அதை இனத்தோடு முடிச்சுப் போடவில்லை. எல்லார்க்கும் பொதுவான விதி, எல்லார்மீதும் ஒரே அளவில் பாய்ந்தால், குற்றச்சாட்டுக்கே இடமில்லை.

இதுதான் பாகுபாடு!

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். மேற்சொன்ன கேள்வியை வைத்தே பார்ப்போம்.

2017இல் மூவாரில் ஒரு துணிவெளுப்பு நிலையம் 'முஸ்லிம்களுக்கு மட்டும்' என்று அறிவிப்பு வைத்தது. வாடிக்கையாளர் என்ன செய்தால் அந்தக் குறை தீரும்? துணியை இன்னும் தூய்மையாகக் கொண்டு வந்தாலும் தீராது. ஆள் மாறவேண்டும், பிறப்பு மாறவேண்டும். ஆகவே அது பாகுபாடு. ஜொகூர் சுல்தானே வெளிப்படையாகக் கண்டித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார்.

2013 நோன்பு மாதத்தில், சுங்கை பூலோவில் ஒரு தேசியப்பள்ளியில் முஸ்லிம் அல்லாத பிள்ளைகள் உடைமாற்றும் அறையில் அமர்ந்து உண்ணும் படம் வெளிவந்தது. சிற்றுண்டிச்சாலை சீரமைப்பில் இருக்கிறது என்றது பள்ளி. இருக்கட்டும்! கழிவறைக்கு அடுத்த அறையைத் தவிர, பள்ளியில் வேறு நிழலே இல்லையா? ஆசிரியராகிய நான் இதை எண்ணும்போதெல்லாம் கூசுகிறேன். அங்கே அமர்ந்த பிள்ளை என்ன தவறு செய்தது, திருத்திக் கொள்வதற்கு?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகைக்கு வீடு தேடிய நம் இளையோரைக் கேளுங்கள். பெயரைச் சொன்னதும் தொலைபேசி துண்டிக்கப்படும் கதையைச் சொல்வார்கள். காரணம் கேட்டால், 'உங்கள் சமையல் மணம் சுவரில் ஒட்டிக்கொள்ளும்' என்பார்களாம்.

இந்த மணத்தைப் பற்றி அண்டை நாட்டில் ஒரு பெரிய வழக்காடலே நடந்தது. சிங்கப்பூரில், சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பத்தின் குழம்பு மணம் தாங்கவில்லை என்று முறையிட்டது. சமரச மையத்தில் இரு தரப்பும் அமர்ந்து பேசின. சீனக் குடும்பம் வீட்டில் இல்லாத நேரத்தில் குழம்பு வைப்பதென்றும், அவர்களும் குழம்பைச் சுவைத்துப் பார்ப்பதென்றும் உடன்பாடு. பல ஆண்டு கழித்து, 2011இல், இச்செய்தி நாளிதழில் வந்ததும் தீவே கொதித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் எல்லா வீட்டிலும் குழம்பு வைப்போம் என்று ஓர் இயக்கம் கிளம்பியது. சீனரும் மலாய்க்காரரும்கூடக் குழம்பு வைத்தனர். அந்த உடன்பாடு இரு வீட்டாரும் தாமே செய்துகொண்டது, யாரும் திணித்ததன்று என்று சட்ட அமைச்சர் சண்முகம் விளக்க வேண்டியதாயிற்று.

என் கருத்து இதுதான். அந்த இரு குடும்பமும் பேசித் தீர்த்தது அவர்கள் பெருமை. ஆனால் வீட்டுக் குழம்பு என்பது அடைத்த கால்வாய் போன்றதன்று. மக்கள் கொதித்ததில் பொருள் உண்டு. அன்றாடம் தாளிக்காமல் இருந்தால்தான் நீ நல்ல அண்டை வீட்டான் என்றால், நீ நீயாக இல்லாவிட்டால்தான் நல்லவன் என்றாகிறது. உணவகத்தின் புகைபோக்கி அடுத்த வீட்டுப் படுக்கையறையை நோக்கி இருந்தால் அதைத் திருப்பலாம், உயர்த்தலாம், வடிகட்டி பொருத்தலாம். அது வேறு; இது வேறு.

நம் வீட்டுப் பலகைகள்

பிறர் நம்மைப் பாகுபடுத்தியதை மட்டும் பேசிவிட்டு நிறுத்தினால் நான் நேர்மையான ஆசிரியனாக மாட்டேன். உணவகத்தில் பாகுபாடு என்ற கலையை நமக்கு யாரும் வெளியிலிருந்து கற்பிக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் தொடர்வண்டி நிலைய உணவகங்களில் பிராமணர்க்குத் தனியிடம், மற்றவர்க்குத் தனியிடம் என்றிருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தாரும் விடாது போராடி 1941இல்தான் அது ஒழிந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் உணவகத்தின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து மாதக்கணக்கில் மறியல் நடந்தது. பலர் சிறை சென்றனர். 2012இல் அதே சொல் திருவரங்கத்தில் ஓர் உணவகப் பலகையில் மீண்டும் முளைத்து, மீண்டும் எதிர்ப்பைச் சந்தித்தது. 'அது சைவ உணவு என்பதைக் குறிக்கும் சொல்தானே' என்று வாதாடியவர்களும் இருந்தனர். சைவ உணவைக் குறிக்கச் 'சைவம்' என்று எழுதக் கூடாதா? பிறப்பை எதற்கு எழுத வேண்டும்? தமிழாசிரியனாகக் கேட்கிறேன்: நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்?

தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் நாம்தாம். இதையெல்லாம் தமிழ்நாட்டோடு விட்டுவிட்டுக் கப்பலேறினோம் என்று சொல்லிக் கொள்ளாதீர்கள். திருமணப் பேச்சு வரும்போது தெரியும், எதை எதையெல்லாம் கப்பலில் ஏற்றி வந்தோம் என்று!

இன்றைய காட்சி ஒன்று. நம் உணவகத்தில் நமக்கு உணவு பரிமாறுபவர் வங்காளதேசத்தவராகவோ, நேப்பாளியாகவோ, மியன்மார்க்காரராகவோ இருக்கிறார். தகப்பன் வயதுள்ளவரை, "டேய், இங்க வா!" என்கிறோம். அவர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் நாட்டின் பெயரே அவர் பெயர். பக்கத்தில் நம் பிள்ளை அமர்ந்து பார்க்கிறது. அதே பிள்ளையிடம் மாலையில், 'நம்மை யாரும் மதிப்பதில்லை' என்று புலம்புகிறோம்.

2018 சூனில் மனிதவள அமைச்சராக இருந்த மு. குலசேகரன், உணவகங்களில் உள்நாட்டுச் சமையற்காரர்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று அறிவித்தார். 2019 தொடக்கத்திலிருந்து என்றார். உணவக உரிமையாளர்கள் கொதித்தெழவே, அது கருத்துரை மட்டுமே என்று விளக்கம் வந்தது. அதற்கு முன்பே, 2016 முதல், பினாங்கில் நாசி லெமாக், அசாம் லக்சா, சார் குவே தியாவ் போன்ற உணவுகளை ஒட்டுக்கடைகளில் அந்நியத் தொழிலாளர் சமைக்கக் கூடாதென்ற விதி இருந்தது.

உள்நாட்டார்க்கு வேலை வேண்டும், நல்ல சம்பளம் வேண்டும் என்பது கொள்கை. அதைப் பேசலாம், வாதாடலாம். ஆனால் 'அந்நியன் கை பட்டால் சுவை கெடும்' என்று ஒரு பேச்சு கூடவே வந்ததே, அது என்ன? சுவை கையின் பயிற்சியில் இருக்கிறதா, கடப்பிதழில் இருக்கிறதா? ரொட்டி சானாயை இந்நாட்டுக்குத் தந்தவர்கள் கப்பலேறி வந்த இந்திய முஸ்லிம்கள். அன்று யாராவது 'அந்நியன் மாவு பிசையக் கூடாது' என்று சொல்லியிருந்தால், இன்று நாட்டுக்கே காலை உணவு ஏது?

இன்னொன்று. 2024 பிப்ரவரியில் பாக் குட் தே தேசியப் பாரம்பரிய உணவாக அறிவிக்கப்பட்டது. நம் கிள்ளானின் அடையாளமான சீன மூலிகைச் சாறு அது. பெரும்பாலும் பன்றி இறைச்சியில் செய்வது. உடனே எதிர்ப்பு. நம்மவர் சிலரும், 'இதற்கெல்லாமா பட்டம்?' என்று முகம் சுளித்தனர். பட்டியலில் ஏறியதால் யாரும் யார் வாயிலும் ஊட்டப் போவதில்லை. விருப்பமில்லாதவர் விலகிப் போகலாம். அடுத்தவன் உணவு பெயரளவில்கூட இருக்கக் கூடாது என்று நினைத்தால், நம் குழம்பு மணத்தைப் பழித்தவனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

சட்டத்தில் ஓர் ஓட்டை

உணர்ச்சியைப் புலனக் குழுவில் செலவழிக்கும் நம்மவர், அதில் ஒரு பங்கையாவது இதற்குச் செலவழித்தால் நன்று.

நம் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8ஆம் விதி, சட்டத்தின்முன் அனைவரும் சமம் என்கிறது. சமயம், இனம், வமிசாவளி, பிறந்த இடம், பால் காரணமாகப் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசையும் பொது அதிகார அமைப்புகளையும்தான். தனியார்க்கிடையே அது செல்லாது என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2005இல் ஒரு விமானப் பணிப்பெண் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அப்படியானால், ஓர் உணவகமோ வீட்டு உரிமையாளரோ, 'உன் இனத்தார்க்கு இடமில்லை' என்று சொன்னால்? அந்த மறுப்புக்காகவே நேராக வழக்குத் தொடுக்க நமக்குத் தனிச்சட்டம் இல்லை.

மற்ற நாடுகளைப் பாருங்கள். 1950இல் நடப்புக்கு வந்த இந்திய அரசமைப்பு, தன் 15ஆம் விதியில், கடைகளிலும் பொது உணவகங்களிலும் சாதி, மத, இன அடிப்படையில் யாரையும் தடுக்கக் கூடாது என்று உணவகத்தைப் பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் கிரீன்ஸ்பரோ நகரில் 1960 பிப்ரவரி முதல் நாளில் கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையர்க்கு மட்டும் உணவு தரும் மேசையில் அமைதியாகப் போய் அமர்ந்தனர். ஆறு மாதத்திற்குள் அந்த மேசை எல்லார்க்கும் திறந்தது. 1964இல் நாடு முழுமைக்கும் சட்டமே வந்தது. பிரிட்டனில் 1965இல் வந்தது.

நாமோ, எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிக்கும் அனைத்துலக உடன்படிக்கையை ஏற்போம் என்று 2018 செப்டம்பரில் உலக மன்றத்தில் அறிவித்துவிட்டு, நவம்பரில் பின்வாங்கினோம். அதைக் கொண்டாட திசம்பர் 8ஆம் நாள் கோலாலம்பூரில் பேரணியே நடந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தனியார் செய்யும் பாகுபாட்டுக்கும் சட்டம் வேண்டும் என்று நாம் கேட்டால், அந்தச் சட்டம் நம்மையும் பிடிக்கும். நம் கடையில் வேலை கேட்டு வரும் வேற்றினத்தாரை, நம் வீட்டை வாடகைக்குக் கேட்கும் ஆப்பிரிக்க மாணவரை, நாம் மறுக்க முடியாது. அதற்கு அணியமாக இருக்கிறோமா? இருந்தால் மட்டும் கேட்போம்.

ஆசிரியரும் பெற்றோரும் செய்ய வேண்டியவை

1. சான்றில்லாத செய்தியைப் பகிராதீர்கள். ஒரு கடை மூடப்பட்டால், எந்தச் சட்டப்பிரிவின்படி, எத்தனை நாளுக்கு என்று முதலில் கேளுங்கள். மூடல் ஆணையில் காரணம் எழுதியிருக்கும்.

2. புகார் செய்வதற்கு முன் கடைக்காரரிடம் பேசுங்கள். பேசியும் கேட்காவிட்டால் எழுத்தில் கொடுங்கள். எழுதும்போது செயலை மட்டும் எழுதுங்கள்: எந்தக் கால்வாய், எந்த நாள், எத்தனை மணி. கடைக்காரரின் இனத்தையோ பணியாளரின் நாட்டையோ எழுதாதீர்கள்.

3. உண்மையான பாகுபாட்டைக் கண்டால் வாய்மூடிப் போகாதீர்கள். படம், நாள், நேரம், சொல்லிய சொல் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்டவர் நம்மவர் அல்லாவிட்டாலும் பேசுங்கள். அப்போதுதான் நம் குரலுக்கு மதிப்பு.

4. பிள்ளைகளோடு உணவகத்தில் அமரும்போது, பரிமாறுபவரின் பெயரைக் கேளுங்கள். நன்றி சொல்லுங்கள். நன்னெறிப் பாடநூல் ஓராண்டில் கற்பிப்பதை அந்த ஒரு மேசை பத்து நிமிடத்தில் கற்பித்துவிடும்.

திருத்தப்பட்ட கட்டுரை

அந்த மாணவனை ஓய்வு நேரத்தில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். கால்வாய், எலி, பாட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"ஐயா, அப்படின்னா அந்தக் கடை அங்கிள் கெட்டவரா?"

"இல்லையப்பா. தவறு செய்தார், திருத்திக்கொண்டார். அவ்வளவுதான்."

உண்மையும் அதுதான். பதினைந்தாம் நாள் கடை திறந்துவிட்டது. புதிய தொட்டி வைத்திருக்கிறார். கால்வாயில் நீர் ஓடுகிறது. அந்தப் பாட்டி இப்போது அங்கேதான் காலையில் இட்டிலி வாங்குகிறார். ஆனால் 'சதி' என்று பரப்பிய செய்தியை யாரும் திரும்பப் பெறவில்லை. அது இன்னும் எத்தனை பிள்ளைகளின் கட்டுரைகளுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதோ!

மறுநாள் மாணவன் திருத்தி எழுதி வந்தான்: "எங்கள் தாமானில் ஓர் உணவகம் இருக்கிறது. கால்வாயைச் சுத்தம் செய்யாததால் 14 நாள் மூடினார்கள். இப்போது திறந்துவிட்டார்கள். அங்கே தோசை நன்றாக இருக்கும்."

சிவப்பு மையால் ஒரே ஒரு 'சரி' போட்டேன்.

சிந்திப்போம். பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியன்